மெஷினுக்குக் கட்டிய புடவை

"யக்கா, இந்த வருசமும் நீ வரலியா?"

கேட்டுவிட்டு, ராஜம்மா அடிபம்பின் கைப்பிடியை அழுத்துவதை நிறுத்தினாள். குடம் முக்கால் அளவே நிறைந்திருந்தது. மண்ணூர்பேட்டையின் அந்த வீட்டு வரிசைக்கு இருந்தது ஒரே பம்பு. ஆயுத பூஜை நாளல்லவா, அதன் கழுத்திலும் யாரோ சந்தனம் தடவிக் கனகாம்பரச் சரம் ஒன்றைச் சுற்றியிருந்தார்கள். தாயம்மாள் தன் குடத்தைச் சாம்பலிட்டுத் தேய்த்துக்கொண்டே, "எங்க?" என்று தெரியாதவள்போல் கேட்டாள்.

"இன்னாக்கா எங்கன்ற? கம்பேனிக்குத்தான். இன்னிக்கு ஒரு நாளுதானே பொம்பளைங்கள உள்ள உடுவான். ஊட்டுக்காரரு இன்னா வேல செய்றாருன்னு பாக்க வாணாமா?"

"அவரு வேணான்னுட்டாரு. ஒரே எண்ணெப் பிசுக்காம். புடவை பாழாயிடும்னு சொன்னாரு."

"போன வருசமும் இத்தத்தான் சொன்ன. பொடவ பாயானா தோச்சிக்கலாம், கம்பேனி இன்னா தெனிக்கும் தொறந்தா வெப்பான்? நீ பொறப்படு, நான் இட்டுகினு போறேன். அண்ணன் உன்னப் பாத்தாருன்னா அப்டியே ஆடிப் பூட்வாரு, பாரேன்."

தாயம்மாளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. கல்யாணமாகி விழுப்புரம் பக்கத்திலிருந்து இங்கே வந்த நாள்முதல் அவளுடைய பொழுதுகள் அந்தக் கம்பெனியின் சங்கொலியைக் கொண்டே நகர்ந்தன. காலைச் சங்கு ஊதுவதற்குள் சாப்பாட்டு அடுக்கு தயாராகிவிட வேண்டும். மாலைச் சங்கு ஊதினால் பாலை அடுப்பில் ஏற்ற வேண்டும். ஆனால் அந்தச் சங்கு எந்த மூலையிலிருந்து ஊதுகிறது என்பதை அவள் கண்டதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டின் நீண்ட மதில்களை ஒட்டி ரேஷன் கடைக்கு நடக்கும்போதெல்லாம், உள்ளே இரும்பு இரும்பை அடிக்கும் ஓசை கேட்கும். அவளும் ஒரு கணம் நின்று, அந்த ஓசைகளில் தன் கணவருடையது எது என்று கேட்டுப் பார்த்துவிட்டு நடப்பாள்.

இருந்தாலும், அந்த மதிலுக்குப் பின்னால் நடப்பதை அவள் அளவுக்கு அறிந்த பெண் அந்த வரிசையில் வேறு எவளும் இல்லையென்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. கலியமூர்த்தி ஒவ்வொரு மாலையும் வந்து, கைகால் கழுவி, காப்பித் தம்ளரோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால், அன்றைய கதை தொடங்கும். கம்பெனியில் நடந்ததை நடந்தபடி சொல்வது அவர் வழக்கமில்லை. அவருடைய கதைகளில் அந்தக் கொட்டகை ஒரு காடாகிவிடும். சூப்பர்வைசர் பல் போன சிங்கம். மனோகரன் என்றொருவன், எல்லாரையும் கிண்டலடித்துக் கூட்டம் சேர்ப்பவன், அவன் நரி. பக்கத்து வீட்டு ராஜம்மாவின் கணவன் கன்னியப்பன் கரடி. "இன்னைக்கு நரி ஒரு வேலை பண்ணுச்சு. கரடியோட சோத்துப் பாத்திரத்துல இரும்புத்தூளைப் போட்டுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னுச்சு. நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். 'டே, நாளைக்கு உன் பாத்திரமும் இதே பெஞ்சு மேலதான் இருக்கும்'னேன். வாலைச் சுருட்டிக்கிச்சு." இப்படித்தான் ஒவ்வொரு கதையும் முடியும். எல்லா விலங்குகளும் கூச்சலிடும். கடைசியில் அவர் ஒரு வார்த்தை சொல்வார், காடு அடங்கிவிடும்.

"அந்தக் காட்டுல நீங்க என்னங்க?" என்று ஒரு முறை அவள் கேட்டதுண்டு. அவர் யோசித்துவிட்டு, "கதை சொல்றவன் கதைக்கு வெளியிலல்ல நிக்கிறான்?" என்றார். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது.

அவர் வீட்டில் குரலை உயர்த்தியதே இல்லை. அதுவும் அவளுடைய பெருமைகளில் ஒன்று. அந்தப் பெருமையை வளர்த்தது பக்கத்து வீட்டுச் சுவர் என்றே சொல்ல வேண்டும். ஒற்றைச் செங்கல் சுவர், இருபுறமும் சுண்ணாம்பு. கன்னியப்பன் நல்ல மனிதன்தான். தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லையென்றாலும் சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போகிறவன். ஆனால் சில மாலைகளில் அந்தச் சுவர் அதிரும். "சோறா இது? இன்னாத்த வடிச்சி வச்சிகீற?" என்று தொடங்கி, ராஜம்மாவின் பிறந்த வீடு, அவள் அப்பன், செம்பரம்பாக்கத்து ஏரித் தண்ணீரில் நாற்று நட்டுக் கிடந்த அவள் கூட்டம் என்று அவன் குரல் ஒவ்வொன்றாக இழுத்துவரும். அவனும் நூம்பல் கிராமத்தில் அதே ஏரிப் பாசன வயல்களில் கூலிக்கு நின்ற குடும்பத்துப் பிள்ளைதான் என்பது அப்போது அவன் நினைவில் இருக்காது. இந்தப் பக்கம் கலியமூர்த்தி கதையைப் பாதியில் நிறுத்திவிடுவார். இருவரும் பேசாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். மறுநாள் காலை பம்படியில் தாயம்மாள் முறையை விட்டுக்கொடுத்து, ராஜம்மாவின் கையை லேசாகத் தொட்டு, தணிந்த குரலில், "சாப்ட்டியாம்மா?" என்பாள். ராஜம்மா பதில் சொல்லாமல் பம்பை வேகவேகமாக அடிப்பாள். நாம் பரிவாகக் கேட்டதற்கு இவள் ஏன் இப்படி முகத்தைத் திருப்புகிறாள் என்று தாயம்மாளுக்குப் புரிந்ததில்லை.

அன்று கலியமூர்த்தி காலையிலேயே கம்பெனிக்குக் கிளம்பிப் போயிருந்தார். மகன் காலாண்டு விடுமுறைக்கு மாமன் வீட்டுக்குப் போயிருந்தான். தாயம்மாள் அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டாள். தன்னைக் கண்டதும் அவர் முகம் எப்படி மலரும் என்பதை வழியெல்லாம் விதவிதமாக வரைந்து பார்த்துக்கொண்டே ராஜம்மாவுடன் நடந்தாள்.

கம்பெனி வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. உடைத்த பூசணிக்காயின் சிவந்த துண்டுகளைக் காவலாளி காலால் ஓரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். மற்ற நாட்களில் பெயரும் காரணமும் கேட்டு நிறுத்துகிறவர் அன்று, "வாங்க, வாங்க" என்று கும்பிட்டார். உள்ளே நுழைந்த தாயம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். கோயிலைவிட உயரமான கூரை. அதன் கண்ணாடிப் பட்டைகள் வழியே சாய்வாக இறங்கிய வெயிலில் கற்பூரப் புகை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாக இயந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம், கழுத்துப்போல் இருந்த இடத்தில் சாமந்தி மாலை. பூஜைக்கு முன்தினம் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து பழைய புடவை ஒன்றைக் கொண்டுபோய் மெஷினைத் துடைத்து மினுக்குவது அங்கே வழக்கம். அதனால் எல்லா இரும்பும் குளித்து எழுந்தாற்போல் இருந்தது. பெண்கள் விரல் நுனியால் அவற்றைத் தொட்டுப் பார்ப்பதும், "இதாங்க நீங்க ஓட்டுறது?" என்று கேட்பதும், ஆண்கள் கொஞ்சம் வெட்கத்தோடு பொத்தானைக் காட்டுவதுமாக இருந்தார்கள். ஒருவர் மனைவியிடம், "அதத் தொடாத, அது பொல்லாதது" என்று சொன்ன குரலில், தன் வீட்டு மாட்டைப் பற்றிப் பேசும் உரிமை இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த தாயம்மாளுக்குக் காரணமின்றிக் கண் கலங்கியது. யாரோ யாரிடமோ பேசுகிறார்கள். அது ஏன் தன்னைத் தொட வேண்டும் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

கொட்டகையின் கோடியிலிருந்து சிரிப்பு கேட்டது.

ஆண்களும் பெண்களும் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. எல்லாருக்கும் மேலாக ஒரு துளையிடும் மெஷின் மட்டும் ஓங்கி நின்றது. ஒரு தூண், அதன் மேல் பக்கவாட்டில் நீண்ட ஒற்றைக் கை. அதற்குப் புடவை கட்டியிருந்தார்கள். ஊதா நிறப் புடவை, கொசுவம் வைத்து, முந்தானையை அந்த இரும்புக் கைமேல் போட்டு, உச்சியில் மல்லிகைச் சரம் செருகியிருந்தது. அந்தக் கோலத்தைப் பார்த்ததுமே தாயம்மாளின் உதடு விரிந்துவிட்டது. முன்னால் நின்ற ஒரு கிழவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பக்கத்திலிருந்த பெண் முந்தானையால் வாயைப் பொத்தியும் அடக்க முடியாமல் தோள் குலுங்கினாள். சிரிப்புக்கு ஒரு குணம் உண்டு. காரணத்தைக் கேட்டுக்கொண்டு வருகிற பழக்கம் அதற்கு இல்லை. கொட்டாவிபோல், ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குத் தானாகவே தாவிவிடும். "பொண்ணு ரெடி! மாப்பிள்ள எங்கடா? மாமே, தாலியக் கட்டு! ஓவர்டைம் ஓவர்டைம்னு தெனிக்கும் இவகூடத்தான குடும்பம் நடத்துற? ஊர் அறிய ஒரு முடிச்சப் போடு!" என்று ஒருவன் கூவினான். கூர்மையான தாடை, சுழலும் கண். பார்த்தவுடனே இவன்தான் நரி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கதையில் கேட்டதை நேரில் கண்டுவிட்ட குதூகலம் அவளுக்கு. அவனுக்குப் பக்கத்தில் கரடிபோல் மார்பு குலுங்கச் சிரித்தவன் கன்னியப்பன். தாயம்மாளும் சிரித்தாள். அடிவயிற்றிலிருந்து, வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

கிழவர் நகர்ந்தார். வட்டத்தில் ஓர் இடைவெளி விழுந்தது.

மெஷினின் காலடியில் தாம்பாளத்தோடு நின்றவர் கலியமூர்த்தி. எண்ணெய் ஊறிய பஞ்சுக் கழிவை மாலையாகத் திரித்து அவர் கழுத்தில் போட்டிருந்தார்கள். தலையில் செய்தித்தாளில் மடித்த தலைப்பாகை. அவர் முகத்தில் ஒரு புன்னகை இருந்தது. அதை அவள் முன்பு எப்போதும் பார்த்ததில்லை. மழைக்கு ஒதுங்கியவன் அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்கும்போது வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிப்பானே, அந்தமாதிரியான புன்னகை. "மெதுவா, மெதுவா, தாயி..." என்று அவர் குரலில் நரி மிமிக்ரி செய்தது. வேலையின்போது துளையிடும் பிட்டு உடைந்துவிடக் கூடாதென்று மெஷினோடு இப்படிப் பேசுவது அவர் வழக்கமாம். வட்டம் மீண்டும் வெடித்தது. அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். தாயம்மாளின் வாய் இன்னும் திறந்திருந்தது. பல் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"டேய், டேய்! அண்ணியாரே வந்துட்டாங்கடா! சக்களத்தியப் பாக்க வந்துகீறாங்க!" என்றான் மனோகரன்.

எல்லாத் தலைகளும் திரும்பின. சிரிப்பு அவளை ஒரு முறை சுற்றிவந்து, பிறகு தானாகவே தேய்ந்தது. கலியமூர்த்தி பஞ்சு மாலையைக் கழற்றி, அதையும் அவசரமின்றி மடித்துப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். "பொரி. வெயில் ஏறிடும், கிளம்பு" என்றார். வீட்டில் பேசும் அதே குரல். அவர் கதைகளில் எல்லாரும் அடங்கும் அந்த ஒற்றை வார்த்தை இப்போது வரும் என்று அவள் ஒரு கணம் காத்திருந்தாள். வரவில்லை. கதைக்கு வெளியில் நிற்பவருக்கு அந்தக் காட்டில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அது நட்டநடுவே இருந்தது.

வாசலை நோக்கி நடந்தபோது முன்பின் தெரியாத பெண்ணொருத்தி, சிரிப்பை முந்தானையால் பொத்தியவள், ஓடிவந்து தாயம்மாளின் கையை லேசாகத் தொட்டாள். "ஆம்பளைங்க வெளயாட்டும்மா. மனசுல வச்சிக்காத" என்று தணிந்த குரலில் சொன்னாள். அந்தக் கையும் அந்தக் குரலும் தாயம்மாளைச் சுட்டன. கையை விடுவித்துக்கொண்டு வேகவேகமாக நடந்தாள். சிறிது தூரம் போனபிறகுதான் அது யாருடைய குரல் என்று அவளுக்கு உறைத்தது. சுவர் அதிர்ந்த மறுநாள் காலைகளில் பம்படியில் ராஜம்மாவிடம், "சாப்ட்டியாம்மா?" என்று தான் கேட்ட குரல் அது. இப்போது தன் நடையில் இருந்ததும், பம்புக் கைப்பிடியில் ராஜம்மாவிடம் கண்ட அதே வேகம்.

ராஜம்மா தொடவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ஓர் அடி பின்னால், தலையைக் குனிந்தபடி வந்தாள். எண்ணெய்க் கடை திருப்பத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"யக்கா. அந்தப் பொடவ என்னுது."

தாயம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"மிசினு தொடைக்கணும், பயசு ஒண்ணு குடுன்னு நேத்து எங்க ஊட்டுக்காரரு கேட்டாரு. குட்த்தேன். எங்கம்மா எட்த்துக் குட்த்த பொடவ, ஓரம் கியிஞ்சிட்சி. இதுக்குன்னு சத்தியமா தெரியாதுக்கா." அவள் கண்கள் தரையிலேயே இருந்தன. "நானும் சிரிச்சேன், மொதல்ல. அப்பால பொடவ யாருதுன்னு தெரிஞ்சிது. அதுக்கப்பால தொறந்த வாய மூட வரல."

ஊரெல்லாம் ஆறுதல் சொல்லியிருந்தாலும் தாயம்மாளுக்கு அந்த வெயிலில் அது வேண்டியிருக்கவில்லை. "நானுந்தான் சிரிச்சேன்" என்று சொல்ல மட்டும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. சொன்னாள். இருவரும் வீடு சேர்ந்தார்கள்.

அன்று மாலைச் சங்கு ஊதவில்லை, விடுமுறை. பாலை எப்போது ஏற்றுவதென்று தெரியாமல் தாயம்மாள் அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். அவர் வருவார், கைகால் கழுவுவார், சுவரில் சாய்ந்து உட்காருவார். அதன்பிறகு என்ன? கதை சொன்னாரானால், அவள் தலையாட்டிக் கேட்க வேண்டும். கேட்கும் முகத்தை இனி எங்கிருந்து கொண்டுவருவது? சொல்லாமல் விட்டாரானால், அதுவரை சொன்ன கதைகளும் இந்த வீட்டைவிட்டுப் போய்விடும். அந்த மாலை வேளைகளைத் தவிரத் தங்களுக்குள் பெரிதாக வேறென்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாள். இவற்றுக்கெல்லாம் அடியில், அவருடைய கண்ணில் பட்டுவிட்ட தன் பல்வரிசை கிடந்தது. அவரை அங்கே பார்த்ததைவிட, பார்க்கும்போது தான் இருந்த விதமே அவளை அரித்தது. வழியிலேயே நின்றிருக்கலாம். புடவை கட்டிய மெஷினைப் பார்த்தவுடன், நடுவில் நிற்பவன் யாராக இருப்பான் என்று ஒரு முறை நினைத்திருக்கலாம். யாராக இருந்தாலும் அவனுக்கும் ஒரு வீடு இருக்குமே.

பொழுது சாயும் நேரத்தில் கலியமூர்த்தி வந்தார். நெற்றியில் குங்குமம் வியர்வையில் வழிந்திருந்தது. கைகால் கழுவினார். காப்பியை வாங்கிக்கொண்டார். பாதி குடித்தபிறகு கேட்டார்.

"எதுக்குச் சிரிச்சே?"

கோபமில்லை. ஏதோ ஒரு பல்சக்கரம் எதனால் சுற்றுகிறது என்று கேட்கும் குரல்.

"எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் வந்திடுச்சு. நீங்கன்னு தெரியாதுங்க."

"தெரிஞ்சிருந்தா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சொல் வரவில்லை. புடவை கட்டிய இரும்பும், குனிந்து சிரித்த கிழவரும் கண்முன் வந்தார்கள். "தெரியலைங்க" என்றாள்.

அவர் தலையாட்டினார். அந்தப் பதில் அவரை நோகடிக்கவில்லை; ஏதோ ஒரு பாரத்தை இறக்கிவைத்ததுபோல்கூட இருந்தது. "வட்டத்துல நின்னா வந்திடும். அது அப்படித்தான்" என்றார்.

"அப்ப அந்தக் கதையெல்லாம்?"

"கதைதான்." தம்ளரின் விளிம்பை விரலால் துடைத்தார். "நரிகிட்ட என்ன சொல்லியிருக்கணும்னு சைக்கிள்ல வர்ற வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வருவேன். எஸ்டேட் தாண்டுறப்ப ஒரு வார்த்தை கெடைக்கும். உங்கிட்ட சொல்றப்ப, அங்கேயே சொல்லிட்ட மாதிரி ஆயிடும். ராத்திரி தூக்கம் வரும்."

"ஒரு நாளாச்சும் எதிர்த்துக் கேக்கலாமில்ல?"

"கேட்டா விட்டுடுவாங்க. வேற ஆளைப் பிடிப்பாங்க. நடுவுல எப்பவும் ஒருத்தன் நிக்கணும் அவங்களுக்கு. நான் லீவு போட்ட அன்னைக்கெல்லாம் கன்னியப்பன் நிப்பான். நடுவுல நின்னுக்கிட்டுச் சிரிக்க அவனுக்குத் தெரியாது. அங்க அடக்கிக்குவான். அப்புறம் வீட்டுக்கு வருவான்."

தாயம்மாள் சுவரைப் பார்த்தாள். ஆடி மாதம் அவர் காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் அந்தச் சுவர் அதிர்ந்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. தாங்கள் இருவரும் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது ராஜம்மாவின் கண் வீங்கியிருந்ததும் நினைவிருக்கிறது. ஆனால் அவர் வேலைக்குப் போன நாட்களிலும் சத்தம் கேட்டதுண்டே? அவள் மனத்துக்குள் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாள். சில பொருந்தின, சில பொருந்தவில்லை. இது நடந்ததா, அல்லது எஸ்டேட் தாண்டும்போது அவருக்குக் கிடைத்த இன்றைய வார்த்தையா? அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். இத்தனை வருடம் கேட்ட கதைகளில் ஒன்றில்கூட அவள் அவரை இவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை.

அப்போது சுவருக்கு அப்பால் ஏதோ பாத்திரம் உருண்டது. இருவரும் பழக்கத்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கன்னியப்பனின் குரலுக்காகக் காத்திருந்தார்கள். எழுந்தது ராஜம்மாவின் குரல்.

"மிசினு தொடைக்கத்தான கேட்ட? எங்கம்மா பொடவய கொண்டும் போயி இன்னா பண்ணிட்டு வந்துகீற? அந்தக்கா மூஞ்சில நாளிக்கு நான் எப்டி முயிப்பேன்?"

கன்னியப்பன் ஏதோ முணுமுணுத்தான்.

"இன்னா, வெளயாட்டா? ஒனக்கு வெளயாட்டு. அந்த ஆளு நின்னத பாத்தியா நீ? பாத்துகினுதான சிரிச்சே?"

"மெதுவா பேசுடி. பக்கத்து ஊட்ல கேக்கும்."

"கேக்கட்டுமே! இத்தினி நாளு நீ கத்தும்போது கேக்கலியா? அப்ப மட்டும் செவுரு கல்லா இருந்துச்சா?"

தாயம்மாள் கையிலிருந்த பாத்திரத்தைச் சத்தமெழாமல் கீழே வைத்தாள். வைத்தபிறகு, சத்தமெழாமல் வைத்தது எதற்காக என்று தன்மேலேயே வெட்கமாயிற்று. இத்தனை மாலைகள் இந்த அறையில் தாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தது இப்படித்தான்: மூச்சடக்கி, ஒரு சொல்லும் தவறாமல். தாங்கள் சிரித்ததில்லை, அவ்வளவுதான். கலியமூர்த்தியும் அதையே நினைத்தாரோ, வேறெதையாவது நினைத்தாரோ தெரியாது. காப்பியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார். காலையில் கொடுத்த பொட்டலம் பிரிக்காமல் மாடத்தில் இருந்தது. அதைப் பிரித்து ஒரு தட்டில் கொட்டினார். பொரியும், பொட்டுக்கடலையும், நாட்டுச் சர்க்கரையும்.

"எங்கங்க?"

"நல்ல நாளு. பொரி குடுத்துட்டு வந்துடலாம்."

"இப்பவா? அவங்க சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க."

"அதான்."

அவர் வாசலைக் கடந்துவிட்டார். தாயம்மாள் நிலைப்படியில் நின்று பார்த்தாள். தெருவிளக்கு அப்போதுதான் எரியத் தொடங்கி, விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. எதிர் வரிசையில் இரண்டொரு ஜன்னல்கள் திறந்தன. கன்னியப்பன் வீட்டுக் கதவுக்கு முன்னால் போய் நின்றவர், தட்டுவதற்குத் தூக்கிய கையைத் தட்டாமலே வைத்திருந்தார். பின்னாலிருந்து பார்க்க அவர் தோள்கள் குறுகியிருந்தன. இனி அந்தக் கை இறங்கிவிடும், அவர் திரும்பி வந்துவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் திரும்புகிறவரைத் தான் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்க நேரும் என்பதும் தோன்றியது.

அவள் செருப்புக்கூட இல்லாமல் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டை மட்டும் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்தினார். அவளும் ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே பேச்சு நின்றிருந்தது. வாசலில் ஆள் நிற்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஓர் அடி எடுத்துவைத்து, தாழ்ப்பாளின் அருகே தயங்குவது கேட்டது. தெருவில் காற்று எழுந்தது. தட்டிலிருந்து சில பொரிகள் பறந்து அவர்கள் காலடியில் விழுந்தன. அவற்றில் ஒன்று உருண்டுபோய், கதவின் அடியில் தெரிந்த வெளிச்சக் கோட்டில் ஒரு கணம் நின்று, உள்ளே போயிற்று.